புகைபோக்கி ஏன் வியர்க்கிறது?

நீங்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சென்றிருக்கிறீர்களா? சென்றிருந்தால், அங்குள்ள பழைய பங்களாக்களின் கூரைக்கு மேலே செங்கல் தூண் போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் புகைபோக்கி. அதன் அடியில், வீட்டின் கூடத்தில், சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு இருக்கும். விறகை அதில் எரித்துக் குளிர் காய்வார்கள். சமவெளியில் வாழும் நமக்கு இது வேடிக்கையான பொருள். நம் ஊரில் செங்கல் புகைபோக்கி என்றால் அரிசி ஆலையும் செங்கற்சூளையும்தான் நினைவுக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்டு மாதத்தில் என் நண்பர் ஒருவருடைய வீட்டில் நான்கு நாள் தங்கினேன். அவர் பணி மாற்றலாகி உதகைக்குப் போய், ஆங்கிலேயர் காலத்து வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார். கூடத்தில் கால் வைத்ததுமே ஒரு நாற்றம். நனைந்த கரியும் பழைய தாரும் கலந்தது போன்ற நாற்றம். கணப்பின் வாயை முன்பு குடியிருந்தவர்கள் பலகையால் அடைத்திருந்தார்கள். அதற்கு மேலே சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குப் பழுப்பு நிறக் கறை. வீட்டுக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பி, நீர் புகாத வண்ணம் என்று ஏதோ பூசச் செய்தாராம். இரண்டு முறையும் அடுத்த மழைக்குள் வண்ணம் கொப்புளித்து உரிந்துவிட்டது. அடுத்த வாரம் புகைபோக்கியின் உச்சியில் கற்பலகை வைத்துச் சிமெண்டால் மூடிவிடப் போவதாக நண்பர் சொன்னார்.

"மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, அவ்வளவுதான். மூடிவிட வேண்டியதுதான்" என்றேன் நானும். இயற்பியல் ஆசிரியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் தலையாட்டினார்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, மழை பெய்யும்போது நாற்றம் அவ்வளவாக இருக்காது. மழை விட்டு வெயில் வந்தால்தான் தாங்க முடியாது. அதோடு, மழையே இல்லாமல் மூடுபனி மட்டும் இருக்கிற நாளிலும் கறை கறுத்துப் போகிறதே, அது ஏன்?" என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. நான் எண்ணியது போல் மழை மட்டுமே காரணமென்றால் இந்த இரண்டும் நடக்கக் கூடாது. மீதி மூன்று நாளும் நாங்கள் இருவரும் அந்தச் சுவரோடுதான் கழித்தோம்.

அதற்கு முன் ஒரு செய்தி. முதல் நாள் இரவு நண்பரின் தாயார் படுக்கும் அறை வழியே போனேன். அவருக்கு இழுப்பு நோய். குளிருக்காகக் கும்மட்டியில் கரி மூட்டி, கட்டிலுக்கு அருகே வைத்து, சன்னலையும் கதவையும் சாத்தியிருந்தார்கள். உடனே கதவைத் திறந்து, கும்மட்டியை வெளியே எடுத்துவரச் செய்தேன். கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதைப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோகலாம். மூடிய அறையில் கரி மூட்டி உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்திகள் மலை ஊர்களிலிருந்து நாளிதழ்களில் வந்திருக்கின்றன. நாற்றமடிக்கும் புகைபோக்கியைக் கண்டு முகம் சுளித்த அந்த வீட்டில், நாற்றமே இல்லாத அபாயத்தை யாரும் கவனிக்கவில்லை. கணப்பும் புகைபோக்கியும் கட்டப்பட்டதே இந்த வாயுவையும் புகையையும் வெளியே அனுப்பத்தான். அந்த வழியை அடைத்துவிட்டு அறைக்குள் நெருப்பு வைத்தால் என்ன ஆகும்?

இனி சுவருக்கு வருவோம்.

செங்கல் குடிக்கும் தண்ணீர்

ஒரு நல்ல செங்கல்லை எடுத்து, நன்றாக உலர்த்தி, எடை பாருங்கள். ஏறக்குறைய 3 கிலோகிராம் இருக்கும். 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து மேலே துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அதாவது, தேறிய செங்கல்லே அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கலாம்! கல் போலத் தோன்றினாலும் செங்கல்லுக்குள் எங்கும் நுண்துளைகள். வகுப்பில் படித்த நுண்புழை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் ஏற முடியும். மேலே ஏறுவது மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பரவும்.

இப்போது புகைபோக்கியின் நிலையைப் பாருங்கள். வீட்டின் மற்றச் சுவர்களுக்குக் கூரையின் பாதுகாப்பு உண்டு. இது மட்டும் கூரைக்கு மேலே, நான்கு பக்கமும் காற்றும் மழையும் அடிக்க, தனியாக நிற்கிறது. வாயும் திறந்திருக்கிறது. 25 சென்டிமீட்டர் சதுரமான வாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த வாய் வழியாக மட்டும் 62 லிட்டர் உள்ளே விழும். ஏறத்தாழ நான்கு குடம். உச்சியிலுள்ள சாந்து வெடித்திருந்தாலோ, கூரையும் புகைபோக்கியும் சேருமிடத்தில் பதித்த தகடு துருப்பிடித்திருந்தாலோ இன்னும் கூடும்.

அப்படியானால் முன்பெல்லாம் ஏன் ஊறவில்லை? அப்போதும் வாய் திறந்துதானே இருந்தது? அன்றாடம் கணப்பு எரிந்ததால்தான். உள்ளே இறங்கிய ஈரத்தை நெருப்பின் சூடு இரவோடு இரவாக வெளியேற்றிவிடும். நாள்தோறும் எரியும் அரிசி ஆலைப் புகைபோக்கி மழையில் நனைந்தும் ஊறாமலிருப்பதும் இதனால்தான். நெருப்பு நின்ற புகைபோக்கியில் தண்ணீர் வருகிறது, போக வழியில்லை.

இங்கிலாந்தில் இந்தத் தொல்லையைப் பல்லாயிரம் வீடுகள் கண்டன. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைப்பனி மூடி ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மக்கள் நிலக்கரிக் கணப்புகளைக் கைவிட்டு எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாறினார்கள். பயன்படாத கணப்பை அடைத்துப் பூசினார்கள். சில ஆண்டுகளில் அந்த இடத்திலேயே சுவர் ஊறத் தொடங்கியது.

தண்ணீர் வரும் மற்ற இரண்டு வழிகள்

மழை ஒரு வழி என்றால், இரண்டாவது வழி நெருப்பே. விறகில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரிந்தால் நீராவி. சுமாராகக் காய்ந்த விறகு ஒரு கிலோகிராம் எரிந்தால், விறகிலேயே இருந்த ஈரத்தையும் சேர்த்து, 600 கிராம் அளவுக்கு நீர் புகையோடு மேலே போகிறது. மேல் பகுதிச் செங்கல் குளிர்ந்திருந்தால், போகிற வழியிலேயே அது பனிநிலையை அடைந்து சுவரில் துளித்துவிடும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? அதே கதைதான். ஈர விறகைப் புகையவிட்டால் கேட்கவே வேண்டாம். நீரோடு தாரும் சேர்ந்து படிந்து, சாந்தின் வழியே ஊறி, மறுபக்கம் பழுப்புக் கறையாக வெளிவரும்.

நெருப்பே இல்லாத வீட்டிலும் வியர்க்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல்தான். சமையலறை ஆவியும் நாம் விடும் மூச்சும் கலந்த காற்று, அடைத்த கணப்பின் இடுக்கு வழியே புகுந்து குளிர்ந்த செங்கல்லைத் தொட்டால் மிச்ச நீரை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

மூன்றாவது வழிதான் எனக்கு வியப்பானது. மழையில்லாத மூடுபனி நாளில் கறை கறுப்பது ஏன் என்று அந்தப் பெண் கேட்டாளே, அதற்கு விடை நம் வீட்டு உப்புச் சாடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு கசிவதைப் பார்த்திருக்கிறீர்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கால்சியம் நைட்ரேட்டு போன்ற உப்புகளுக்கு 50 விழுக்காடே போதும். எத்தனையோ ஆண்டுகள் விறகும் நிலக்கரியும் எரிந்த புகைபோக்கியின் செங்கல்லில் சல்பேட்டு, குளோரைடு, நைட்ரேட்டு என்று பல உப்புகள் ஊறிக் கிடக்கின்றன. சாம்பலின் பொட்டாசியம் உப்பும் உண்டு. ஆகவே கூரை ஒழுகாவிட்டாலும், காற்று ஈரமானாலே அந்தச் சுவர் தானாக நனையும்! வெயிலில் உலர்ந்து உப்புப் பூக்கும், மறுபடி கசியும். பூத்து விரியும் உப்புத்தான் பூச்சைத் தள்ளி வண்ணத்தை உரித்தது.

இதை நாங்கள் சோதித்தே பார்த்தோம். கறைப் பகுதியிலிருந்து உதிர்ந்த பூச்சைக் கொஞ்சமும், நல்ல சுவரிலிருந்து கொஞ்சமும் எடுத்தோம். இரண்டையும் வெயிலில் உலர்த்தி, வகைக்கு 20 கிராம் நிறுத்து, ஒரு கிண்ணம் கெட்டி உப்புக் கரைசலோடு மூடிய டப்பாவில் வைத்தோம். கரையாத உப்பு அடியில் கிடக்கும் கரைசல், டப்பாவின் காற்றை 75 விழுக்காடு ஈரப்பதத்தில் நிறுத்திவைக்கும். ஒரு வாரம் கழித்து அவள் பள்ளித் தராசில் நிறுத்துச் சொன்னாள்: கறைப் பூச்சு முக்கால் கிராம் கூடியிருந்தது. நல்ல பூச்சு அசையவே இல்லை. ஒரு சொட்டு மழையும் படாமல் டப்பாவுக்குள்ளேயே நனைந்த சுவர்!

நாற்றம் ஏன் வெயிலில் வருகிறது?

வெந்த காற்று இலேசானது, மேலே போகும் என்று படித்திருக்கிறோம். எவ்வளவு விசையோடு போகும் என்று யாராவது கணக்கிட்டுப் பார்த்தீர்களா? உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. 10 டிகிரி வெளிக்காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.95 கிலோகிராம். கணப்பு எரியும்போது புகைபோக்கிக்குள் 100 டிகிரி இருந்தால் உள்ளே 0.72. வேறுபாடு 0.23. புகைபோக்கி 6 மீட்டர் உயரமானால் அழுத்த வேறுபாடு 0.23 × 9.8 × 6 = 13.5 பாஸ்கல். ஒன்றரை மில்லிமீட்டர்த் தண்ணீருக்குக்கூட நிகரில்லாத இந்தச் சின்ன வேறுபாடுதான் வீட்டுப் புகை முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இங்கே ஒருவரை நினைவுகூர வேண்டும். பீரங்கிக் குழலைத் துளையிடுகையில் தோன்றிய வெப்பத்தை ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபுவைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் 1796இல் கணப்பைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கினால் புகை அறைக்குள் திரும்பாது என்று காட்டி, லண்டன் வீடுகளின் கணப்புகளை மாற்றச் செய்தார்.

சரி, நெருப்பில்லாத புகைபோக்கியில் என்ன நடக்கும்? இரவெல்லாம் குளிர்ந்த கனத்த செங்கல் சுலபத்தில் சூடேறாது. நண்பகலில் வெயில் வந்து வெளிக்காற்று 20 டிகிரி ஆனாலும் உள்ளே 14 டிகிரிதான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது உள்ளிருக்கும் காற்றே கனமானது. அது கீழே இறங்கும். முன்போலக் கணக்கிட்டால் ஒரு பாஸ்கலுக்குச் சற்று மேல் வருகிறது. மிகச் சிறியதுதான், ஆனால் பலகையின் இடுக்கு வழியே கெட்ட காற்றை அறைக்குள் தள்ள அது போதும்.

ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பலகை இடுக்கருகே பிடித்தோம். இரவு ஒன்பது மணிக்குப் புகை இடுக்குக்குள் போயிற்று. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, வெயில் பளிச்சென்று அடித்தபோது, புகை எங்கள் முகத்துக்கு நேராகத் திரும்பியது. அந்தப் பெண் கைதட்டினாள். நாற்றம் சரியாக அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

நாற்றத்தின் மூலம் சுவரில் படிந்த கரியும் தாரும். ஃபீனால் வகைப் பொருள்கள் அதில் நிறைய உண்டு. கரி உலர்ந்திருக்கும்போது அவற்றைப் பிடித்துவைத்திருக்கும். ஈரம் ஏறினால் நீர் மூலக்கூறுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே தள்ளும். ஈரத்தில் வளரும் பூஞ்சையும் தன் பங்குக்கு நாற்றத்தைச் சேர்க்கும். ஊதுவத்தி ஏற்றி இதை மறைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அறையில் இரண்டு மணம் இருக்கும், அவ்வளவே.

என்ன செய்தார்கள்?

உச்சியை முழுதாக மூடும் திட்டத்தை நிறுத்தச் சொன்னேன். மேலும் கீழும் அடைத்துவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் அங்கேயே சிறைப்பட்டுச் செங்கல் வழியாக அறைப்பக்கம்தான் வரும். நீர் புகாத வண்ணமும் அதே தவறுதான். வெளியிலிருந்து நீர் வராமல் தடுப்பதாகப் பேர், உண்மையில் உள்ளே போன நீரை வெளியேறாமல் தடுக்கிறது.

முதலில் கரியைச் சுரண்டி எடுத்தார்கள். இதற்கு அனுபவமுள்ள ஆளை அழைத்து, கையுறையும் முகமூடியும் அணியச் செய்தோம். நீங்கள் யாரும் வெறுங்கையோடு இந்த வேலையில் இறங்கிவிடாதீர்கள். லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிக்குள் ஏறித் துப்புரவு செய்தவர்களுக்குத் தோலில் புற்றுநோய் வருவதற்குக் கரியே காரணம் என்று 1775இல் எழுதினார். ஒரு தொழில் தரும் புற்றுநோயை மருத்துவ உலகம் அடையாளம் கண்டது அதுவே முதல் முறை. அந்த வேலைக்கு அன்று சின்னஞ்சிறு பையன்களைத்தான் ஏற்றினார்கள்.

பிறகு உச்சியின் வெடித்த சாந்தைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, வாய்க்கு மேல் நான்கு கால் வைத்த தகரக் குடை ஒன்றைப் பொருத்தினார்கள். மழை விழாது, பக்கங்களில் காற்று போகும். கீழே கணப்பை அறைப்பக்கம் இடுக்கில்லாமல் செங்கல் வைத்து மூடினார்கள். நல்ல வேளையாக அந்தப் புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரில் இருந்தது. ஆகவே அடியில் வெளிப்புறமாக, பூச்சி நுழையாத வலை வைத்து, ஒரு செங்கல் அளவு துளை விட்டார்கள். இப்போது புகைபோக்கி வெளிக்காற்றை இழுத்து வெளிக்காற்றிலேயே விடுகிறது. மேலே போனாலும் கீழே வந்தாலும் அறைக்கு அதோடு தொடர்பில்லை.

கொத்தனாருக்கு ஒரு வருத்தம். சிமெண்டுப் பூச்சே உறுதி என்று வாதாடினார். கறைபட்ட பூச்சை முழுதும் கொத்தி எடுத்துவிட்டு, நீராவியை விடும் சுண்ணாம்புச் சாந்தைத்தான் பூச வேண்டும் என்று நண்பர் பிடிவாதமாக நின்றார். பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி எடுக்கவும் சொல்லியிருந்தேன். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

ஒன்றை மட்டும் நான் முன்கூட்டியே எச்சரித்தேன். இவையெல்லாம் செய்த மறுநாளே சுவர் உலர்ந்துவிடாது. ஊறிய செங்கல் சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் உலரும் என்பது கட்டட வேலைக்காரர்களின் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவரென்றால் ஒன்பது மாதம். இதற்கு நடுவில் பொறுமையிழந்து மறுபடி வண்ணம் அடிக்கிறவர்கள்தான் அதிகம்.

பாட்டியின் அறைக்கு மின்சாரக் கணப்பு வந்தது. கும்மட்டி கொல்லைப்புறம் போய்விட்டது. அந்தப் பெண் சுவரில் கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதிக்கொண்டே வந்தாள். அடுத்த மே மாதம் நான் போனபோது ஒன்றுக்குள் ஒன்றாக எட்டுக் கோடுகள் இருந்தன. கடைசிக் கோட்டுக்குள் உள்ளங்கை அளவு கறை மிச்சமிருந்தது. அந்த இடத்துப் பூச்சையும் ஒரு நாள் டப்பாவில் வைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.